வீட்டு வலையமைப்புக்குப் பெயர் சூட்டுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்குள் இயங்கும் கணினிகளுக்கும் அவற்றின் வலையமைப்புக்கும் பெயர் வைப்பது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒரே இடத்தில் தொகுத்துப் பதிலளிக்கிறோம். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று பெயர்களைத் தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கருவிகளில் உள்ளிடும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே பயன்படுத்த வேண்டும். 'ஆர்ப்பா' என்று வரும் இடங்களில் ஏ, ஆர், பி, ஏ என்ற நான்கு எழுத்துகளை இடவும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப், ஒரு பிரிண்டர், கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஒரு சிறிய சர்வர், ஒரு ராஸ்பெர்ரி பை ஆகியவை உள்ளன. 192.168.1.23 போன்ற எண்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதால் பெயர் வைக்கலாம் என்று பார்த்தால், ரவுட்டரின் அமைப்புப் பக்கம் 'உள்ளூர் டொமைன் பெயர்' என்ன என்று கேட்கிறது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை என்னும்போது மனத்துக்குப் பிடித்த எதையாவது இட்டுவிடலாமா?

பதில்: இடலாம், அது வேலையும் செய்யும், சிக்கல் எல்லாம் பிற்பாடுதான் தொடங்கும். வீட்டுக்குள் இருக்கும்வரை உங்கள் லேப்டாப் ஒரு பெயரைக் கேட்டால், ரவுட்டரில் உள்ள டிஎன்எஸ் சேவை (பெயரை எண் முகவரியாக மாற்றித்தருவது) தன் பட்டியலைப் பார்த்து உரிய ஐபி முகவரியைச் சொல்லிவிடும். கேள்வி வெளியே போவதில்லை. ஆனால் அதே லேப்டாப்பை வேறோர் இடத்தின் வைஃபையில் இணைக்கும்போது, அதில் ஏற்கெனவே பதிந்திருக்கும் கோப்பு இணைப்புகளும் காப்புநகல் நிரல்களும் உங்கள் வீட்டுச் சர்வரின் பெயரைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கேள்வி அங்குள்ள டிஎன்எஸ் வழியாக இணையப் பெயர்களுக்கெல்லாம் தலைமையான வேர்ச் சர்வர்கள் வரை செல்லக்கூடும். அப்படி ஒரு பெயரே உலகில் இல்லையென்றால் 'இல்லை' என்ற பதிலோடு முடிந்துவிடும். அந்தப் பெயர் வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தாலோ, உங்கள் லேப்டாப் அவருடைய சர்வரிடம் போய் உங்கள் பயனர் பெயரோடு கதவைத் தட்டும்.

இது கற்பனையான அச்சம் அன்று. புதிய மேல்நிலை டொமைன்களுக்காக ('.காம்' போன்று பெயரின் கடைசியில் வரும் பகுதி) 2012-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐக்கேன் விண்ணப்பம் பெற்றபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அதுவரை யாரும் சொந்தம் கொண்டாடாத பல சொற்கள் அதன் பின்னர் ஒவ்வொன்றாக உரிமையாளர்களைப் பெற்றன. நிரலாளர்கள் தம் சொந்தக் கணினியில் சோதனைத் தளங்களுக்கு வெகுகாலமாக '.டெவ்' என்ற முடிவைத் தாமாகவே வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முடிவு கூகுளுக்கு வழங்கப்பட்டது. 2017 டிசம்பரில் வெளியான குரோம் 63-ஆம் பதிப்பு, '.டெவ்' என முடியும் எல்லாத் தளங்களையும் ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே திறப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததும், அவர்களுடைய சோதனைத் தளங்கள் ஒரே நாளில் திறக்க மறுத்தன. ஐரோப்பாவில் பரவலாக உள்ள ஃபிரிட்ஸ் ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க 'ஃபிரிட்ஸ்.பாக்ஸ்' என்று தட்டச்சு செய்வது பல ஆண்டு வழக்கம். '.பாக்ஸ்' என்பது உண்மையான மேல்நிலை டொமைனாகி விற்பனைக்கு வந்ததும், 2024 ஜனவரியில் அந்தப் பெயரையே யாரோ ஒருவர் பதிவு செய்துகொண்டார். வீட்டு வலையமைப்புக்கு வெளியே இருந்து அதைத் தட்டச்சு செய்தவர்கள் முன்பின் தெரியாத ஒரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெயரைத் தயாரிப்பு நிறுவனம் பின்னர் முறையிட்டு மீட்டுக்கொண்டது. நிறுவன வலையமைப்புகளில் '.கார்ப்' என்ற பழக்கம் பரவியிருந்ததால், 'கார்ப்.காம்' என்ற பெயர் தவறானவர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று 2020-இல் மைக்ரோசாஃப்ட் அதை விலைகொடுத்து வாங்க நேர்ந்தது.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது அழகான பெயரை அன்று. இனி எவருக்கும் சொந்தமாக முடியாது என்று உறுதியளிக்கப்பட்ட பெயரை. வீட்டு வலையமைப்புக்கென்றே அப்படி ஒதுக்கப்பட்டது 'ஹோம்.ஆர்ப்பா'. இணையத் தொழில்நுட்ப விதிகளைப் பதியும் ஆர்எஃப்சி வரிசையில் 2018 மே மாதம் வெளியான 8375-ஆம் ஆவணம் இதை முறைப்படி ஒதுக்கியது. ரவுட்டரின் அந்தக் கட்டத்தில் இதை இட்டால், உங்கள் பிரிண்டரின் முழுப்பெயர் 'பிரிண்டர்.ஹோம்.ஆர்ப்பா' என்றாகும். பார்க்க அழகாக இல்லை என்று பலரும் முகம் சுளிக்கிறார்கள். அன்றாடம் முழுப்பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டிய தேவை அநேகமாக வராது. தேடல் டொமைனாக, அதாவது ஒற்றைச் சொல்லின் பின்னால் கருவி தானே ஒட்டிக்கொள்ளும் முடிவாக, இதையே ரவுட்டர் அறிவித்துவிடும் என்பதால் பெரும்பாலான கருவிகளில் முதற்சொல் மட்டும் போதும்.

கேள்வி: 'ஹோம்' என்று மட்டும் வைத்தால் என்ன? எதற்கு அந்த 'ஆர்ப்பா'?

பதில்: முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். வீட்டு வலையமைப்புகளுக்காக 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7788 '.ஹோம்' என்பதையே இயல்பான பெயராக எழுதிவிட்டது. ஆனால் வேர் மண்டலத்தில் (எல்லா மேல்நிலை டொமைன்களின் மூலப்பட்டியல்) ஒரு பெயரை ஒதுக்குவதற்குரிய நடைமுறை எதுவும் பின்பற்றப்படவில்லை. அதைத் திருத்தத்தான் 8375 எழுதப்பட்டது. '.ஆர்ப்பா' என்பது இணையத்தின் உள்கட்டமைப்புக்காகவே வைத்திருக்கும் மேல்நிலை டொமைன். ஐபி முகவரியிலிருந்து பெயரைக் கண்டறியும் தலைகீழ்த் தேடல் அதன் கீழ்தான் நடக்கிறது. விற்பனைக்கு வராத இடம் என்பதால் அதன் கீழ் ஒரு பெயரை ஒதுக்குவது எளிதாக இருந்தது. '.ஹோம்', '.கார்ப்', '.மெயில்' ஆகிய மூன்றையும் யாருக்கும் வழங்குவதில்லை என்று ஐக்கேன் 2018 பிப்ரவரியில் காலவரையறையின்றித் தீர்மானித்திருப்பதால், இன்று '.ஹோம்' வைத்திருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. ஆனால் 'வழங்க மாட்டோம்' என்ற தீர்மானமும் 'உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்' என்ற உறுதியும் ஒன்றல்ல. பல ரவுட்டர்களில் இயல்பாக வரும் '.லேன்' பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும்: இதுவரை எவருக்கும் வழங்கப்படவில்லை, ஆனால் ஒதுக்கப்படவும் இல்லை.

கேள்வி: பல ஆண்டுகளாக '.லோக்கல்' என்ற முடிவையே பயன்படுத்தி வருகிறேன். அது தவறு என்கிறார் நண்பர். பெயரிலேயே 'உள்ளூர்' என்று இருக்கிறதே?

பதில்: '.லோக்கல்' ஒதுக்கப்பட்ட பெயர்தான்; ஆனால் உங்களுக்காக அன்று, வேறொரு நெறிமுறைக்காக. ஆப்பிள் 'போன்ஜூர்' என்றும் லினக்ஸ் உலகம் 'அவாஹி' என்றும் அழைக்கும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ், 2013 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 6762 வழியாக இந்த முடிவைத் தனக்கென எடுத்துக்கொண்டது. இந்த முறையில் பெயர்களைச் சொல்லும் சர்வர் என்று ஒன்று கிடையாது. 'பிரிண்டர்.லோக்கல் யார்?' என்ற கேள்வி 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353-ஆம் போர்ட்டில், அந்த வலையமைப்பில் உள்ள எல்லாருக்கும் பொதுவாக வீசப்படுகிறது; அந்தப் பெயருக்குரிய கருவி 'நான்தான்' என்று தானே பதில் சொல்கிறது. ஒரே பெயரில் இரண்டு கருவிகள் இருந்தால், பின்னால் வந்தது தன் பெயரோடு ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு விலகிக்கொள்ளும்.

இதே முடிவை நீங்கள் ரவுட்டரின் டிஎன்எஸ்-இலும் வைத்தால், ஒரே பெயருக்கு இரண்டு அதிகாரிகள் உருவாகிவிடுகிறார்கள். ஒரு லினக்ஸ் கணினி '.லோக்கல்' என்று கண்டவுடன் மல்டிகாஸ்டில் மட்டும் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் ரவுட்டரிடம் கேட்காமலேயே கைவிரிக்கக்கூடும். பக்கத்தில் இருக்கும் விண்டோஸ் கணினியில் அதே பெயர் திறந்துவிடும். 'ஒன்றில் வருகிறது, மற்றொன்றில் வரவில்லை' என்று எமக்கு வரும் கடிதங்களில் கணிசமானவை இந்த வகைதான். மைக்ரோசாஃப்டின் சிறு அலுவலகச் சர்வர் மென்பொருளே ஒரு காலத்தில் '.லோக்கல்' என்பதை இயல்பாக முன்வைத்தது என்பதால், இந்தப் பழக்கத்துக்காக உங்களைக் குறை சொல்வதற்கில்லை. '.லோக்கல்' பெயர்களை அந்தந்தக் கருவிகளிடமே விட்டுவிட்டு, நீங்கள் கையால் நிர்வகிக்கும் பெயர்களை 'ஹோம்.ஆர்ப்பா'வுக்கு மாற்றுங்கள். இரண்டும் அருகருகே சண்டையின்றி இயங்கும்.

கேள்வி: '.இன்டர்னல்' என்பதையும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டார்களாமே? அது இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

பதில்: ஆம், 2024 ஜூலையில் ஐக்கேன் அதை ஒதுக்கியது, வேர் மண்டலத்தில் அது ஒருபோதும் சேர்க்கப்படாது. வீடு என்றில்லாமல் அலுவலகம், ஆய்வகம், தரவு மையம் என எங்கும் பயன்படுத்தலாம் என்பது அதன் வசதி. இரண்டில் எதை எடுத்தாலும் பிழையில்லை என்றாலும், வீட்டுக்கு நாம் 'ஹோம்.ஆர்ப்பா'வையே பரிந்துரைப்பதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. டிஎன்எஸ் பதில் போலியன்று என்று சரிபார்க்க உதவும் டிஎன்எஸ்செக் முறையில் வேர் மண்டலம் கையொப்பமிடப்பட்டிருக்கிறது. அதனால் '.இன்டர்னல்' என்று ஒன்று இல்லை என்பதை எவரும் கணித முறையில் உறுதிப்படுத்திக்கொள்ள முடியும். உங்கள் லேப்டாப் தானே டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு செய்யும்படி அமைந்திருந்தால், 'சர்வர்.இன்டர்னல் இந்த முகவரியில் இருக்கிறது' என்று ரவுட்டர் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிடும். அதற்கு விலக்கு அளிக்கும் அமைப்பைக் கையால் எழுத வேண்டும். 'ஹோம்.ஆர்ப்பா'வுக்கோ, மேலே உள்ள மண்டலத்தில் கையொப்பமற்ற ஒப்படைப்பு ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து கீழே கையொப்பம் எதிர்பார்க்க வேண்டாம் என்பது அதன் பொருள். ஆகவே சரிபார்க்கும் கணினிகளும் உங்கள் ரவுட்டரின் பதிலை ஏற்றுக்கொள்ளும். உங்கள் கருவிகள் எதுவும் இந்தச் சரிபார்ப்பைச் செய்வதில்லை என்றால் வேறுபாட்டை நீங்கள் உணரப்போவதில்லை.

கேள்வி: எனக்குச் சொந்தமாக ஒரு டொமைன் இருக்கிறது, அதில் ஒரு சிறு இணையதளம் நடத்துகிறேன். வீட்டுக் கணினிகளுக்கும் அதையே பயன்படுத்தினால் இணையதளம் பாதிக்கப்படுமா?

பதில்: ஆண்டுதோறும் புதுப்பித்துவரும் டொமைன் கையில் இருக்கும்போது, வேறெதையும் தேட வேண்டியதில்லை, அதுவே எல்லாவற்றிலும் சிறந்த தேர்வு. உலகிலேயே உங்களுக்கு மட்டும் உரிய பெயர் என்பதால் மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் டொமைனை அப்படியே வீட்டுக்குள் பயன்படுத்தாமல், அதன் கீழ் ஒரு துணை டொமைனை ஒதுக்குங்கள். உங்கள் டொமைன் 'எக்ஸாம்பிள்.காம்' என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கு 'அகம்.எக்ஸாம்பிள்.காம்' என்று வைக்கலாம். அப்படிச் செய்யாமல் முழு டொமைனுக்கும் வீட்டு ரவுட்டரையே அதிகாரியாக்கினால், வெளியுலகில் இருக்கும் உங்கள் இணையதளத்தின் முகவரி அதற்குத் தெரியாது. உலகமே உங்கள் தளத்தைப் பார்க்கும்போது உங்கள் வீட்டிலிருந்து மட்டும் அது திறக்காது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது அடிக்கடி நடப்பது.

சொந்த டொமைனின் பெரும் பயன், தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ். 'ஹோம்.ஆர்ப்பா', '.இன்டர்னல்' போன்ற பெயர்களுக்கு எந்தப் பொதுச் சான்றிதழ் நிறுவனமும் சான்றிதழ் வழங்காது. உட்பெயர்களுக்குச் சான்றிதழ் தரும் வழக்கத்தை அந்நிறுவனங்களின் பொது விதிகள் 2015 நவம்பரோடு முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டன. உலாவியின் எச்சரிக்கை இல்லாமல் வீட்டுச் சர்வரைத் திறக்க வேண்டுமானால், நீங்களே ஒரு சான்றிதழ் அதிகாரத்தை உருவாக்கி, அதன் வேர்ச் சான்றிதழை ஒவ்வொரு போனிலும் லேப்டாப்பிலும் நிறுவ வேண்டும். சொந்த டொமைன் இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனம் இலவசமாகவே தரும். வீட்டுச் சர்வரை வெளியுலகுக்குத் திறந்துவிட வேண்டிய தேவையும் இல்லை. டிஎன்எஸ் பதிவில் அவர்கள் தரும் ஒரு குறியீட்டை இட்டுக்காட்டினால் போதும், டொமைன் உங்களுடையது என்று ஏற்றுக்கொள்வார்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறும். 'குழந்தை-அறை-கேமரா.அகம்.எக்ஸாம்பிள்.காம்' என்று தனிச் சான்றிதழ் வாங்கினால், உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே ஊருக்கு அறிவித்தது போலாகும். 2018 மார்ச் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் உடுக்குறி (வைல்டுகார்டு) சான்றிதழ்களையும் தருவதால், துணை டொமைன் முழுமைக்கும் ஒரே சான்றிதழாக வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டாவது, வீட்டுக்குள் தனி டிஎன்எஸ் வைக்கச் சோம்பல்பட்டு, பொது டிஎன்எஸ்-இலேயே 192.168 என்று தொடங்கும் முகவரியை இட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் பதிலில் உள்வலையமைப்பு முகவரி இருந்தால், அதைத் தாக்குதல் என்று கருதி அழித்துவிடும் பாதுகாப்பு பல ரவுட்டர்களில் இருக்கிறது. அந்த ஒரு டொமைனுக்கு மட்டும் விலக்கு அளிக்கும் இடம் அமைப்புப் பக்கத்தில் இருக்கும். விலக்கு அளிக்காவிட்டால் பெயர் வரவே வராது.

கேள்வி: கணினிகளுக்கு என்ன மாதிரி பெயர்கள் வைப்பது? 'சர்வர்', 'லேப்டாப்' என்று வைத்திருந்தேன். இரண்டாவது சர்வர் வந்ததும் குழப்பமாகிவிட்டது.

பதில்: விதிகளை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைப்புக்குறி ஆகியவை மட்டுமே ஹோஸ்ட் பெயரில், அதாவது கணினியின் பெயரில், வரலாம். இணைப்புக்குறி முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. அடிக்கோடு சில கருவிகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டாலும் முறைப்படி செல்லாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துக்கு உட்பட்டும், முழுப்பெயர் 253-க்கு உட்பட்டும் இருக்க வேண்டும். விண்டோஸின் பழைய பெயர்முறையான நெட்பயாஸ் 15 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும் என்பதால், நடைமுறையில் 15 என்பதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எண்களால் மட்டுமே ஆன பெயர் வேண்டாம். 'பத்து' என்ற பொருளில் 10 என்று ஒரு கணினிக்குப் பெயரிட்டால், உலாவி அதை 0.0.0.10 என்ற முகவரியாகப் படித்துக்கொள்ளும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்பது ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே குறிக்கும் சொல், அதைத் தொடாதீர்கள். 'டபிள்யூபேட்' என்று உச்சரிக்கப்படும் டபிள்யூ, பி, ஏ, டி என்ற நான்கெழுத்துப் பெயரும் ஆகாது. விண்டோஸ் கணினிகள் தம் பிராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடைநின்று கடத்தும் சர்வர்) அமைப்பை அந்தப் பெயரில் உள்ள கணினியிடம் கேட்கும் வழக்கம் உடையவை. அந்தக் கேள்வி வெளியே கசிந்து தவறானவர் கையில் சிக்கலாம் என்று அமெரிக்க அரசின் கணினி அவசரகால அமைப்பு 2016-இல் எச்சரித்ததும் உண்டு.

இனித் தேர்வு. 1990-இல் வெளியான ஆர்எஃப்சி 1178 கணினிக்குப் பெயர் வைப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதன் அறிவுரைகளில் பெரும்பாலானவை இன்றும் செல்லும். அதில் முக்கியமானது, ஒரு கணினி செய்யும் வேலையை அதன் பெயராக வைக்காதே என்பது. வேலை மாறும், கணினி மாறாது. இன்று 'காப்புநகல்' என்று பெயர் பெற்ற கணினி அடுத்த ஆண்டு திரைப்படங்களை ஓட்டிக்கொண்டிருக்கும். காப்புநகல் வேறெங்கோ நடக்கும். அப்புறம் பெயர் ஒவ்வொரு நாளும் பொய் சொல்லும். ஆகவே கணினிக்கு வேலையோடு தொடர்பில்லாத ஒரு சொல்லை வைத்துவிட்டு, வேலைக்குத் தனியே ஒரு மாற்றுப்பெயரை டிஎன்எஸ்-இல் சீநேம் பதிவாகச் சேர்ப்பதே தெளிவான வழி. கோப்புச் சர்வரின் பெயர் 'முல்லை' என்றிருக்கட்டும். 'கோப்பு', 'படம்', 'காப்பு' ஆகிய மூன்றும் முல்லையைச் சுட்டட்டும். நாளை படங்களை 'நெய்தல்' என்ற புதிய கணினிக்கு மாற்றினால், டிஎன்எஸ்-இல் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். வீட்டில் உள்ள மற்றவர்கள் பழைய பெயரையே தட்டச்சு செய்வார்கள், மாற்றம் நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. உங்கள் குழப்பம் தீர்வதும் இப்படித்தான்.

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது, ஒரே விதமாக மட்டும் எழுத முடிகிற சொற்களைத் தேர்ந்தெடுங்கள். 'தாழை' என்று வைத்தால் வீட்டில் மூவர் மூன்று விதமாக எழுதுவார்கள். 'முல்லை' கூட ஓர் எல்லா இரண்டு எல்லா என்ற கேள்வியைக் கிளப்பும். 'கமலம்', 'நிலா', 'பனி' போன்றவற்றில் தகராறு குறைவு. திணைப்பெயர்கள் ஐந்தோடு தீர்ந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். கருவிகளோ ஐந்தோடு நிற்பதில்லை. பூக்கள், மரங்கள், பறவைகள், விண்மீன்கள் என்று தீராத ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வதே நல்லது.

வெளியே எடுத்துச்செல்லும் லேப்டாப்புக்கும் போனுக்கும் உங்கள் சொந்தப் பெயரை வைக்க வேண்டாம். எந்த வைஃபையில் இணைத்தாலும் முகவரி கேட்கும்போதே பல கருவிகள் தம் பெயரையும் சொல்லிவிடுகின்றன. புதிதாக வாங்கிய போனில் உரிமையாளரின் பெயரைத் தானாகவே சேர்த்துவிடும் வழக்கமும் இருப்பதால், ஒருமுறை அமைப்பில் பார்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பெயரையே தமிழெழுத்தில் வைக்க முடியாதா?

பதில்: இணையத்தில் முடிகிறது, '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' ஆகிய தமிழ் முடிவுகளே இருக்கின்றன. ஆனால் டிஎன்எஸ்-க்குள் அவை எழுத்தாகப் போவதில்லை; உலாவி அவற்றைப் பியூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட கோவையாக மாற்றி அனுப்புகிறது. வீட்டில் பெயரைக் கேட்பது உலாவி மட்டுமன்று. பிரிண்டர், தொலைக்காட்சி, காப்புநகல் மென்பொருள் எல்லாமே கேட்கும், அவற்றில் பலவற்றுக்கு இந்த மாற்றம் தெரியாது. ரவுட்டரின் பட்டியலில் அந்தப் புரியாத கோவையைத்தான் நீங்களும் பார்க்க வேண்டியிருக்கும். ஹோஸ்ட் பெயரை ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுங்கள்.

தமிழுக்கு இடமுள்ள ஓர் இடம் உண்டு. மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் வழியாகப் பிரிண்டரோ கோப்புச் சர்வரோ தன் சேவையை அறிவிக்கும்போது காட்டும் பெயர் யூடிஎஃப்-8 எழுத்துகளில் இருக்கலாம். 'மாடி அறை பிரிண்டர்' என்று தமிழிலேயே, இடைவெளியோடு வைக்கலாம். அச்சிடும்போது தோன்றும் பட்டியலில் அப்படியே தெரியும். எல்லை 63 பைட். தமிழில் உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றையும் தனித்தனியாக எண்ணினால் ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும் என்பதால் மொத்தம் 21 குறிகளுக்குள் அடங்க வேண்டும்.

கேள்வி: பெயர்கள் எல்லாம் வைத்தாயிற்று. ஆனால் 'முல்லை' என்று தட்டச்சு செய்தால் உலாவி அதைத் தேடுபொறியில் தேடுகிறது. லேப்டாப்பில் முழுப்பெயர் வேலை செய்கிறது. போனில் அதுவும் சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை.

பதில்: முதலாவது எளிது. ஒற்றைச் சொல்லின் பின்னால் ஒரு சாய்கோட்டை இட்டால் அது முகவரி என்று உலாவி புரிந்துகொள்ளும். 'சில நேரம் வருகிறது' என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் காரணம் ரவுட்டரில் இரண்டாம் டிஎன்எஸ் என்ற கட்டத்தில் 8.8.8.8 போன்ற ஒரு பொதுச் சேவையை இட்டுவைத்திருப்பதுதான். முதலாவது பழுதானால் மட்டும் இரண்டாவது என்று நாம் நினைக்கிறோம். கருவிகள் அப்படி நினைப்பதில்லை. இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று எடுத்துக்கொள்பவை பல. பொதுச் சேவைக்கு 'முல்லை'யைத் தெரியாது; 'அப்படியொரு பெயர் இல்லை' என்று அது சொன்ன பதிலைக் கருவி நம்பிவிடும், முதலாவதிடம் திரும்பக் கேட்காது. உங்கள் உள்பெயர்களை அறிந்த டிஎன்எஸ் சர்வர்களை மட்டுமே கருவிகளுக்கு அறிவியுங்கள். ஐபிவி6 வழியாக ரவுட்டர் தனியே வேறொரு டிஎன்எஸ் முகவரியை அறிவித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், போனில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்ற அமைப்பில் ஒரு நிறுவனத்தின் பெயர் இடப்பட்டிருக்கிறதா, உலாவியில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். இவை கேள்விகளை மறையாக்கம் செய்து, ரவுட்டரைத் தாண்டி நேரே வெளியே அனுப்பிவிடுகின்றன.

கேள்வி: மூன்று கணினிகளுக்காக ஒரு டிஎன்எஸ் சர்வர் நடத்த வேண்டுமா? ஒவ்வொரு கணினியிலும் பெயர்-முகவரிப் பட்டியலாக உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பே போதாதா?

பதில்: மூன்றும் கணினிகளே என்றால் போதும். போனிலும் தொலைக்காட்சியிலும் அந்தக் கோப்பைத் திருத்த வழியில்லை என்பதால்தான் ரவுட்டரை நாடுகிறோம். பல ரவுட்டர்களில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. முகவரி வழங்குவதையும் பெயர் சொல்வதையும் அதுவே சேர்த்துச் செய்வதால், முகவரி கேட்டு வரும் கருவி சொல்லும் பெயரைத் தானே பட்டியலில் ஏற்றிக்கொள்ளும். சர்வர், பிரிண்டர் போன்ற நிலையான கருவிகளுக்கு மட்டும் முகவரியை முன்பதிவு செய்யுங்கள். போன்களுக்கு முன்பதிவு செய்தால் ஏமாற்றம் மிஞ்சக்கூடும்; ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து போன்கள் வைஃபையில் தம் உண்மையான மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) காட்டாமல் புனைந்த ஒன்றைக் காட்டுகின்றன.

கேள்வி: என் வீட்டையும் பெற்றோர் வீட்டையும் விபிஎன் மூலம் இணைத்திருக்கிறேன். இரண்டிலும் 'ஹோம்.ஆர்ப்பா'தான். 'பிரிண்டர்' என்றால் எந்த வீட்டுப் பிரிண்டர் வரும் என்றே தெரியவில்லை.

பதில்: 'ஹோம்.ஆர்ப்பா' ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் மட்டுமே பொருள் தரும் பெயர். இரண்டு வீடுகளை இணைத்தவுடன் அதன் எல்லை உடைகிறது. இந்த நிலையில் சொந்த டொமைன் வாங்கி, வீட்டுக்கு ஒரு துணை டொமைன் என்று பிரிப்பதே சரி. வாங்க விருப்பமில்லையென்றால், 'கிழக்கு.ஹோம்.ஆர்ப்பா', 'மேற்கு.ஹோம்.ஆர்ப்பா' என்று இரண்டாகப் பிரித்து, 'கிழக்கு.ஹோம்.ஆர்ப்பா' என முடியும் கேள்விகளைக் கிழக்கு வீட்டு ரவுட்டரிடம் கேட்கும்படி மேற்கு ரவுட்டரில் ஒரு விதி எழுதுங்கள், எதிர்த்திசையிலும் அவ்வாறே. இரண்டு வீட்டிலும் முகவரிகள் 192.168.1 என்றே தொடங்குகின்றனவா என்று அதற்கு முன்னால் பாருங்கள். அப்படியானால் பெயர் சரியாக வந்தாலும் இணைப்பு சரியான வீட்டுக்குப் போகாது. ஒரு வீட்டின் எண்வரிசையை முதலில் மாற்றியாக வேண்டும்.

கேள்வி: பழைய பெயரிலிருந்து புதியதற்கு மாற எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். பழைய டொமைனையும் புதியதையும் சில வாரங்கள் ஒன்றாக ஓடவிடுங்கள். ஒரே முகவரிக்கு இரண்டு பெயர்களும் பதில் தரும்படி டிஎன்எஸ்மாஸ்கில் எழுதலாம். அந்த நாள்களில் அதன் கேள்விப் பதிவை இயக்கி வைத்தால், பழைய பெயரை இன்னும் எந்தக் கருவி கேட்கிறது என்பது தெரிந்துவிடும். வழக்கமாகச் சிக்குபவை பிரிண்டர் இணைப்பு, காப்புநகல் நிரலில் எழுதிய பாதை, கேமராவின் பதிவு இடம், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் கருவி) நினைவில் வைத்திருக்கும் சர்வர் பட்டியல் ஆகியவைதான். பதிவில் பழைய பெயர் வருவது நின்ற பிறகு அதை நீக்குங்கள்.